ஒன்பதாம் கம்பம்

ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுக, பறவைகளை எண்ணுவதற்காகப் பன்னிரண்டு மரக்கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பத்தடியிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் தாளில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதை எழுதியவரை அலுவலகத்தில் எல்லோரும் குருவியார் என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் அவரே ஒரு கணம் யோசிப்பார்.

ஒன்பதாம் கம்பம் ஆறு வளையும் இடத்தில், செங்குத்தான இறக்கத்துக்கு அடியில் இருந்தது. அங்கே மண்கரையில் துளை போட்டு மீன்கொத்திகள் குஞ்சு பொரிக்கும். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த வருடம், மேலே எட்டாம் கம்பத்துப் பாறையில் உட்கார்ந்தபடியே ஒன்பதையும் எழுதிவிட்டார். அதற்கு முந்தைய வருடம் இறங்கி எண்ணியது பதினான்கு மீன்கொத்திகள். பதின்மூன்று என்று போட்டார். அடுத்த வருடம் பதினைந்து. ஒரே எண்ணைத் திரும்பப் போடக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்குத் தொழில் தெரியும்.

ஈரத்தில் ஊறிய தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, முத்துமுத்தான கையெழுத்தில் நகலெடுப்பது மனைவி. பதினொரு தாள்களில் சேறு அப்பியிருக்கும். ஒன்பது மட்டும் சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருடம் எண்ணப் போகும் முன்பே அதிகாரியம்மா கூப்பிட்டுப் பாராட்டினார். மற்ற இடங்களில் மீன்கொத்திகள் குறைந்துகொண்டே வருகின்றனவாம், ஒன்பதில் மட்டும் நிலையாக இருக்கின்றனவாம். அதனால் சுற்றுலாப் படகுகளை எல்லாம் அந்த வளைவுப் பக்கமே திருப்பிவிடப் போகிறார்களாம்.

வீட்டில் தட்டுச் சோற்றைக் கிளறிக்கொண்டே படகு விஷயத்தையும், தான் கீழே இறங்காததையும் சொன்னார்.

"தாளு பளிச்சுனு வரும்போதே எனக்குத் தெரியும்," என்றாள் மனைவி.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது? மீன்கொத்தியா?"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை இருவருமாக இறங்கினார்கள். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். அவள் ஒரு படி கீழே நின்று அவர் பாதத்தைத் தன் காலால் தாங்கினாள். கரையில் பாதி சரிந்து கிடந்தது. பத்து நிமிடம் நின்றார்கள். மனசு கேட்காமல் இன்னொரு பத்து நிமிடம். நான்கே பறவைகள். ஒரு துளைக்குள் குஞ்சுகள் கத்தின. படகு அலை அடித்தால் அந்த மண் ஒரு மாதம் தாங்காது.

நான்கு என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் குறைவது சகஜம், மூன்று வருடச் சராசரியைத்தான் பார்ப்போம், படகு விஷயத்தில் மாற்றமில்லை என்றார் அதிகாரியம்மா. கதவு வரை போன குருவியார் திரும்பி வந்தார்.

"போன ரெண்டு வருஷமும் நான் அங்க இறங்கவே இல்ல, மேடம். மேல உக்காந்தே எழுதினேன்."

அதிகாரியம்மா மூன்று வருடத் தாள்களையும் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் படகு உத்தரவை எடுத்துக் குறுக்கே கோடு கிழித்தார். அலமாரியில் இருபத்திரண்டு வருடக் கோப்புகளை ஒருமுறை பார்த்தார்.

"மத்த பதினொண்ணு?"

"நின்னேன், மேடம்." தன் காதுக்கே அது புளுகு மாதிரி கேட்டது.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது, மேடம்."

அன்று அவர் சொன்னதில் அதிகாரியம்மா சட்டென்று நம்பியது அந்த ஒன்றைத்தான்.