சுரங்கத்துச் சங்கும் என் கையும்

டீச்சர் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணி, கவுன்சிலிங்ல திரையில தெரிஞ்ச ஒரு ஊர்ப் பேரைக் காட்டி வேலை வாங்கினவ நான். அது அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்த ஒட்டின பள்ளிக்கூடம்னு போய் எறங்கினப்புறம்தான் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி பெரம்பலூர்ல அஞ்சு நாள் பயிற்சி. என்ன பெரிய பயிற்சி! எந்த ஆப்ல அட்டெண்டன்ஸ் போடணும், எந்த ரெஜிஸ்டர்ல என்ன எழுதணும், நடுவுல டீயும் பிஸ்கட்டும். அம்பது பிள்ளைங்க முன்னாடி ஒத்தையா நின்னா என்ன பண்றதுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல.

சுரங்கத்தப் பாத்த கடைசி ரூம், ஏழாங்கிளாஸ். பழைய ஆளுங்க யாரும் அதை எடுத்துக்க மாட்டாங்க, புதுசா வர்றவங்க தலையிலதான் கட்டுவாங்க. ஒரு சீனியர் டீச்சர் எனக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "மொத நாளே ஒண்ண வெளுத்துடுங்க டீச்சர். அப்புறம் வருஷம் பூரா வாலாட்டாதுங்க."

அந்த மொத நாள் மத்தியானம் பின்னக் கணக்கு நடத்திக்கிட்டிருந்தேன். வெளியே மில்லுச் சங்கு மாதிரி ஒண்ணு ஊதுச்சு. மொத்த கிளாஸும் பேனாவப் போட்டுட்டு, ரெண்டு காதுலயும் விரல விட்டுக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்குது. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. நான் பேசறதக் கேக்க மாட்டோம்னு நக்கலா? மொத பெஞ்ச் பொண்ணோட கையைக் காதுலேர்ந்து வெடுக்குன்னு பிடுங்கி, இடது கன்னத்துல காதோட சேத்து அறைஞ்சேன். ஒண்ணு இல்ல, மூணு அறை. மூணாவதுல பெஞ்ச் முனையில மோதி விழுந்தா. அப்பத்தான் சுரங்கத்துல வெடி வெடிச்சுது, கூரையிலேர்ந்து தூசி கொட்டுச்சு. அந்தச் சங்கு வெடிக்கு முன்னாடி ஊதற சங்கு. பிள்ளைங்க காதக் காப்பாத்திக்கத் தெனமும் பண்றதத்தான் பண்ணியிருக்கு.

அவ காதுலேர்ந்து ரத்தம் வடிஞ்சு காலர் நனைஞ்சுது.

களை எடுத்த சேத்துக் கையோடயே அவ அம்மா ஓடி வந்தா. என் கொண்டையப் பிடிச்சு வராந்தாவுல இழுத்துப் போட்டுச் செருப்பால அடிச்சா. "அடிச்ச கை வெளங்காமப் போவ! எம் புள்ளைக்குக் காது போச்சுன்னா உன் காத அறுத்துருவேன்டி!" நான் தடுக்கல. ஹெச்.எம். வந்து பிரிச்சுவிட்டு, "வெடி வைக்கிறது ஊருக்கே தெரியுமே டீச்சர், உங்களுக்கு யாரும் சொல்லலயா?"ன்னார்.

"நீங்க சொன்னீங்களா சார்?"னு கத்தினேன். செருப்படியில கிழிஞ்ச உதட்டுலேர்ந்து ரத்தம் தெறிச்சுது. அவர் மேல, அந்த அஞ்சு நாள் பயிற்சி மேல எல்லாம் ஆத்திரம்தான். ஆனா யாரும் என் கையைப் பிடிச்சு அடிக்க வைக்கலியே. அதை யாருகிட்ட போய்ச் சொல்ல?

காது சவ்வு கிழிஞ்சிருக்கு, திரும்பக் கேக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். எனக்கு மெமோ வந்துச்சு. அதெல்லாம் தூசு. அந்தக் காது கேக்கணுமேன்னுதான் தெனமும் வேண்டிக்கிட்டேன்.

ஒன்றரை மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு திரும்பக் கிளாஸுக்கு வந்தா. கணக்குப் போட்டுக்கிட்டிருந்தவ பக்கத்துல மண்டி போட்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சுடு"ன்னேன். அவ திரும்பல. கோவம் இருக்கும்ல, நியாயம்தானேன்னு அழுதுகிட்டே இன்னொரு தடவ சொன்னேன். பக்கத்துல இருந்த பொண்ணு என் முந்தானைய இழுத்துச்சு.

"டீச்சர், அவளுக்கு அந்தப் பக்கம் கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."