சௌந்தரம் அக்காவின் ஒரு வாய் அரிசி

சௌந்தரம் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அரிசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவர் சமையலர், நான் உதவியாள். பதினொரு வருஷமாக ஒரே அடுப்படி. அரிசியில் கல் பொறுக்கும்போதே ஒரு வாய் அள்ளிப் போட்டு நறநறவென்று மெல்லுவார். போன வருஷம் அது ரொம்பவே அதிகமாகிவிட்டது. வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, பஸ்ஸிலும் மென்றுகொண்டே வருவார்.

"அக்கா, அரிசி தின்னா கல்யாணத்துல மழ கொட்டுமாம். ஒன் கல்யாணம் முடிஞ்சிபோச்சி, இளவரசி கல்யாணத்துலதான் கொட்டப் போவுது" என்று வம்பிழுப்பேன். இளவரசி அவருடைய ஒரே மகள். ஆவணியில் சிதம்பரத்தில் கல்யாணம் என்று மண்டபம் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

"கொட்டட்டும்டி ஜோதி. மாப்ள ஊட்டுக்காரங்கதான் நனைவாங்க" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். புத்திகெட்ட நான், சில நாள் நானே ஒரு கை அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

அக்காவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. விசேஷம் எது வந்தாலும் தீட்டைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். வடலூர் பூசத்துக்கு, நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு, எல்லாவற்றுக்கும். "ஒனக்கென்னா, எந்த நாள்ல வேணா மாதா கோயிலுக்குள்ள போயிடுவ" என்று என்னைத் திட்டவும் செய்வார்.

அதனால்தான் ஒரு வருஷமாக மாதவிலக்கு தாறுமாறாக வந்தபோது பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டார். பதினைந்து நாள் விடாமல் போகும். ஒரு வாரம் நிற்கும், மறுபடி ஆரம்பித்துவிடும். கட்டி கட்டியாகப் போகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்கு வாக்கா" என்றேன்.

"மாத்திர சூடுடி, தானா அடங்கிடும். நாப்பத்தாறு வயசு ஆவுது, நிக்கப்போற நேரத்துல இப்பிடித்தான் ஆடும். கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணத்துக்கு நீ இருக்க வேணாமா?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜூலையில் ஒருநாள் சாம்பார் கொதிக்கும்போது அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உதட்டில் ரத்தமே இல்லை. கரண்டியை அமைப்பாளர் கையில் திணித்துவிட்டு அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். "புள்ளைங்க சாப்பாடு..." என்று வழியெல்லாம் முனகினார். வாயை மூடு என்றேன். வயதில் மூத்த அக்காவிடம் நான் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். எத்தனை நாள் போகிறது, இடையில் எத்தனை நாள் நிற்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறீர்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர் சட்டென்று கேட்டார்: "அரிசி ஏதாவது மெல்லுறீங்களா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பன்னிரண்டு கிராம் இருக்க வேண்டிய ரத்தம் ஆறு கிராம்தான் இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு இப்படி அரிசி மேல் ஆசை வருமாம். ஒரு வருஷமாக அந்த உடம்பு என் கண் முன்னால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் மழை பெய்யும் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்கா தள்ளிப்போடும் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். "மாத்திரய நிறுத்துனா ஒரு தடவ முன்ன பின்ன வரும். ஒரு வருஷமா இப்பிடி வராது" என்றார் டாக்டரம்மா. "ஒரு வாரத்துக்கு மேல போனாலோ, நடுவுல நடுவுல பட்டாலோ வந்து காட்டணும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனைஞ்சாலோ, தல சுத்துனாலோ அன்னிக்கே வரணும். நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வரணும். வயசுக் கோளாறுன்னு நீங்களே முடிவு பண்ணக் கூடாது."

ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னச் சதை வளர்ச்சி தெரிந்தது. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். புற்றுநோய் இல்லை என்று வந்த அன்றைக்கு அக்கா அழவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஓவென்று அழுதேன். "சீ, எல்லாரும் பாக்குறாங்க" என்று தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அதில் அரிசி முடிச்சு இல்லை.

கல்யாணத்தன்று காலையிலேயே சிதம்பரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது, மாப்பிள்ளை வீட்டார் நனைந்தார்கள். மணமேடையிலிருந்து அக்கா என்னைத் தேடிப் பிடித்து முறைத்தார். "ஒன் வாய்தாண்டி" என்பது அவ்வளவு தூரத்திலும் எனக்குப் புரிந்தது.

தாம்பாளத்தில் அட்சதை வந்தது. மஞ்சள் தடவிய பச்சரிசி. அக்கா கை நிறைய அள்ளிக்கொண்டார். என் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. அத்தனை அரிசியும் இளவரசியின் தலையில் விழுந்தது.