புல்லுக்குப் போட்ட எரு

எருக்குழியைக் கிளறினால் முதலில் சூடுதான் முகத்தில் அடிக்கும். வாசம் பிறகு வரும், நனைந்த மண்ணும் பழைய சாணமும் கலந்த வாசம். மில்லர்புரத்தில் ஒரு பங்களாவில் அப்பா தோட்டவேலை பார்த்தார். அதன் பின்பக்கத்து அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்மூட்டு நழுவி வலை இழுக்க முடியாமல் போனதால் இந்த வேலைக்கு வந்தவர். வேலை இருக்கிறவரைதான் அறையும்.

பங்களாவின் முன்னால் புல்தரை. கரிக்கிற கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அது எப்படியோ நின்றது என்றால், எருவால்தான். வேப்பஞ்சருகும் சாணமும் சாம்பலும் குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் மூடி, மாதக்கணக்கில் மட்கவைத்து, தேயிலைத்தூள் மாதிரி ஆனதும் அம்மா சல்லடையில் சலிப்பாள். அப்பா அதைப் புல்மேல் மெல்லிசாகத் தூவுவார். நான் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி, புல்நுனி வெளியே தெரியும்படி செய்வேன். "ஏளா, புல்லுக்கு மூச்சு முட்டப்பிடாது" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் பங்களாக்காரர் மகளுக்குக் கல்யாணம், வரவேற்பு புல்தரையில்தான் என்றார்கள். புல் இன்னும் பச்சையாக வரவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எங்கள் கரையில் தென்னையின் அடிமூட்டில் உப்பும் மீன்கழிவும் புதைப்பது வழக்கம்; மரம் குலைதள்ளி நிற்கும். அந்த நினைப்பில், கருவாடு காயப்போடும் களத்திலிருந்து உப்புப் புரண்ட தலையும் குடலுமாக ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து குழியில் கொட்டினார்.

"தென்னையும் புல்லும் ஒண்ணாங்க?" என்றாள் அம்மா.

"ஏளா, நாம மீனு தின்னுதான வளந்தோம்? புல்லுக்கு மட்டும் என்ன சைவச் சாப்பாடு?"

அம்மாவும் சிரித்துவிட்டாள்.

எரு மட்கியது. உப்பு மட்கவில்லை. தூவிய சில நாளில் புல் ஓரத்திலிருந்து பழுத்து நடுவரை கருகியது. அப்பா எருவைக் கூட்டி அள்ளிப் பார்த்தார், மண்ணில் உப்பு இறங்கியது இறங்கியதுதான். கிணற்றுத் தண்ணீர் விட்டால் உப்பு கூடுமே தவிரக் குறையாது. குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரை அம்மா குடத்தோடு கொண்டுபோய் ஊற்றினாள். அத்தனை பெரிய தரையில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. இனி மழை வந்து கழுவினால்தான் உண்டு. மாதாவிடம் நான் மழை கேட்டேன். காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனால், தூரத்தில் கடல்மேல் மழை கறுப்பாக இறங்கிக்கொண்டிருக்கும்.

"அங்கன போயி கொட்டுதே" என்று அப்பா பார்த்துக்கொண்டே நிற்பார்.

வரவேற்பன்று கருகிய புல்லின்மேல் பச்சை விரிப்பு விரித்தார்கள். யாரும் திட்டவில்லை. மறுநாள் பங்களா அம்மா வந்து, "புல்லு பாக்கதுக்கு வேற ஆளு வாராரு. ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றதோடு உள்ளே போய்விட்டார்கள். அப்பா, "சரிங்கம்மா" என்றார்.

மாப்பிள்ளையூரணியில் மாமா வீட்டுக்கு நாங்கள் வந்த பிறகுதான் மழை வந்தது, தெருவெல்லாம் வெள்ளமாக. சில வாரம் கழித்து அப்பா பங்களாப் பக்கம் போய்விட்டு வந்து, "பச்சையாத்தான் கெடக்கு" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினார். அதற்குப் பிறகு மில்லர்புரம் வழியாகப் பஸ் போனால், மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

இப்போது அங்கே பங்களாவும் இல்லை, புல்லும் இல்லை. சிமெண்டுக் கல் பதித்து, அடுக்குமாடிக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். அப்பாவும் இல்லை. பஸ் அந்தத் தெருமுனையில் திரும்பும்போது நானும் மறுபக்கம்தான் பார்க்கிறேன்.