அண்ணன் காரின் பெட்ரோல் மூடி

எங்கள் அண்ணன் இல்லாத முதல் ஆண்டு இன்றோடு முடிகிறது. இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய குணநலன்களைப் பற்றிப் படிக்க விரும்புவீர்கள். அதையும் எழுதுகிறேன். ஆனால் நான் பேனாவை எடுத்தது அவருடைய காரைப் பற்றிச் சொல்லத்தான். அந்தக் கார் கோயமுத்தூர் சாலையில் ஏன் நின்றது என்று ஓராண்டாக நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்தப் பொய்யால் ஒருவர் நம் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அண்ணன் பிறந்தது குண்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில். பத்து வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் காலை விட்டு ஏறி நெஞ்சில் தங்கிவிட்டது என்று அம்மா சொல்வார். அப்பா காலமானபோது நான் கைக்குழந்தை. அண்ணன்தான் எங்களைத் திருப்பூருக்கு அழைத்து வந்தார். நூல் சுற்றும் வேலையில் சேர்ந்து, பிறகு கட்டிங் பழகி, ராயபுரத்தில் நான்கு மெஷின்களோடு சொந்தமாகப் பனியன் போட ஆரம்பித்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தும் பண்டல் தூக்கும் ஆட்களோடு ஒரு கை பிடிப்பார். என்னைக் கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்த்தபோது பெரியப்பா தடுத்தார். "அம்முணி கேக்கற கேள்விக்கு ஊட்ல யாரும் பதில் சொல்ல முடியலீங்க பெரியப்பா. அங்க போயாவது கேட்டுக்கட்டும்" என்று அண்ணன் முடித்துவிட்டார்.

கார் வெள்ளைக்காரன் காலத்து வண்டி. எங்கள் தெருவில் எத்தனையோ குழந்தைகள் பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போனது அதில்தான். மெஷின் ஷெட்டிலேயே அதை நிறுத்துவோம். ஷெட்டில் பஞ்சுத் தூசு எந்நேரமும் பறக்கும். இரண்டு நாள் துடைக்காவிட்டால் கார் நரைத்துவிடும். ஒருமுறை வண்டி இழுக்காமல் திணறியபோது, விடுமுறையில் வந்திருந்த நான் பானட்டைத் திறந்தேன். பெட்ரோல் பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பஞ்சு மிதந்தது. கிண்ணத்தைக் கழுவி, குழாயை ஊதிச் சுத்தம் செய்தேன். வண்டி பறந்தது. எதிர் நூல்கடைக் காதர் பாய் அண்ணனைவிட மூத்தவர், அவருடைய உற்ற நண்பர். கரி படிந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவக் காலேஜுக்கு அனுப்பிச்சீங்களா, பட்டறைக்கு அனுப்பிச்சீங்களா தம்பி?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். பஞ்சு எப்படி உள்ளே போனது என்று தேடினேன். டேங்க் மூடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. பழைய மூடி, ஓட்டையாகிவிட்டது என்று நினைத்தேன். பஞ்சுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி வைக்கிற ஊர் நம்முடையது. தண்ணீர்க் குடத்துக்கு இரண்டு மூடி போடுகிறோம். பாத்திரத்துக்கு ஈயம் பற்ற வைப்பவரிடம் கொடுத்து அந்தத் துளையை அடைத்தேன். மூடியின் அடியில் புதிய ரப்பரும் வெட்டி வைத்தேன். அண்ணன் அதைத் திருகிப் பார்த்து, தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு வண்டிக்கு வேறொரு வியாதி வந்தது. கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. எட்டு மைல், பத்து மைல் போனதும் இருமும், நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். ஷெட்டில் நிற்கும்போது பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. அப்படியானால் பம்ப் நல்ல பம்ப். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை மறிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். வண்டி நின்றால் பம்ப்பின்மேல் ஈரத்துணி போடச் சொன்னேன். போட்டார்கள், காத்திருந்தார்கள், வண்டி கிளம்பியது. என் தீர்ப்பு நிரூபணமாகிவிட்டது.

ஐப்பசி மழையிலும் அது நின்றது. டேங்க் நிரம்பியிருந்தால் இன்னும் சீக்கிரமாக நின்றது. இரண்டையும் அண்ணன் என்னிடம் சொன்னார். சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சென்ற ஆண்டு இதே மாதம், ஒரு நடுப்பகலில் அண்ணனுக்கு மூச்சுத் திணறியது. கோயமுத்தூர்ப் பெரிய டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். காதர் பாய் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்; வழியில் குறைந்துவிடக் கூடாதென்று டேங்க்கை நிரப்பிக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பின் சீட்டில் சாய்ந்திருந்தார். அண்ணி குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

பல்லடத்துக்கு முன்பே வண்டி நின்றது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பம்ப்பின்மேல் போட்டேன். அரை மணி நேரம் போயிற்று. சூலூருக்கு முன்னால் மறுபடி நின்றது. கூஜாவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காட்டுக்குள் தெரிந்த கிணற்றை நோக்கி ஓடினேன். கூஜாவோடு திரும்பும்போது ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தானாகவே சூடு தணிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அண்ணன் மறுநாள் காலை காலமானார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பு எனக்கு இன்னும் முடியவில்லை.

பதினாறாம் நாளிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. பாய் நிரப்பிய பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தது, பாய்க்குப் பழைய வண்டி ஓட்டத் தெரியாது என்றார்கள். பெரியப்பா பந்தலிலேயே சொன்னார். பாய் தலை குனிந்து கேட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன் பின் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. நானும் அந்தப் பேச்சை நம்பினேன்.

பிறகு காரை ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். நான் வண்டியைக் கழுவி, தளர்ந்து கிடந்த மூடியை நன்றாக இறுக்கிக் கொடுத்தேன். அவர் டேங்க்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தார், நானும் போனேன். வேலம்பாளையம் தாண்டிச் சில மைலில் நின்றது. தூறிக்கொண்டிருந்தது, காற்று சில்லென்று இருந்தது. பெட்ரோல் ஒழுகிவிட்டதோ என்று பார்க்க மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. உடனே வண்டி கிளம்பியது.

பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் துளையை வைத்திருந்தார்கள். அதை அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்று குறைவு, வெற்றிடம் இன்னும் சீக்கிரம் உண்டாகும். காத்திருந்த நேரத்தில் திருகு வழியே கொஞ்சம் காற்று கசிந்து வண்டி கிளம்பியது. ஈரத்துணி செய்தது ஒன்றுமில்லை. பள்ளிப் பையனுக்குத் தெரிகிற பௌதிகம் இது. எனக்குப் பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண்.

அந்த உஸ்ஸ் என்னை விடுவதில்லை. ஸ்டவ்வில் காற்றைத் திறந்தால் கேட்கிறது. தூங்கும் குழந்தை மூச்சு இழுத்தால் கேட்கிறது. ஷெட்டுக்குள் போனால் யாரோ அங்கே மூச்சுக்குத் திணறுவதுபோல் இருக்கிறது. காரை நான் விற்கவில்லை.

நேராகப் பாயின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. கல்லாவை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார்.

"தெரியும் பாப்பா. நீ தண்ணிக்கு ஓடினப்ப மூடியத் தெறந்தேன். சத்தம் பின்சீட்டுக்குக் கேட்டுப்போச்சு. 'ஏனுங்க பாய், மூடிதானுங்களா'ன்னு தம்பி கேட்டாரு. ஆமாங்கன்னு மூடிய இறுக்காமயே வச்சேன்."

"அண்ணன் என்ன சொன்னாருங்க?"

"'அம்முணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க, படிப்ப உட்டுப்போடும்'னாரு. அவ்வளவு மூச்சுல அதைத்தான் சொன்னாரு. நான் சரின்னுட்டேன்."

பெரியப்பா பேசியபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "செத்தவருகிட்டக் குடுத்த வாக்க எப்படி வாபஸ் வாங்கறது?" என்று கேட்டார். இதை எழுதப் போகிறேன் என்றதும் வேண்டாம் என்று கும்பிட்டார்.

அண்ணனைப் பற்றி நான் எழுத விரும்பிய குணம் இதுதான். படிப்பை நான் விடவில்லை. விட்டால் அவர் செலவழித்த அந்த மூச்சு வீணாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களுக்கும், சம்பளம் கேளாமல் மெஷினை ஓட்டிக்கொடுத்த தொழிலாளர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக நின்ற தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காதர் பாய்க்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. இன்று படையல் முடிந்து இலை போடுவதற்கு முன் நானும் அண்ணியும் அவர் வீட்டுக்குப் போய் அழைக்கப் போகிறோம். பெரியப்பா முன்னால் நடந்தால் நன்றாக இருக்கும். பாய் வந்து உட்காரும்வரை இன்று எங்கள் வீட்டில் பந்தி கிடையாது.