ஆபாவின் இடத்தில் உட்கார்ந்த நாள்

போன வருடம் பங்குனி மாதம், ஆரணியில் நான் நடத்தும் ஆரி வேலைப் பட்டறையில் நடந்தது இது. பட்டுத் துணியில் கொக்கி ஊசியால் பூவும் மயிலும் போடுகிற வேலை. மொத்தம் ஆறு பெண்கள். ஆண்கள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். அதனாலேயே எங்களிடம் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா, காலையில் வந்ததும் முகத்திரையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாள் முழுக்க எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்வார். அவரை ஆபா என்போம். உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஆறு பேரில் அவர் போடுகிற மயில்தான் மயில். என்னுடையது கோழி மாதிரி இருக்கும்.

அன்று ஐரோப்பாவிலிருந்து ஒரு அம்மா பட்டு சால்வை வாங்க வந்திருந்தார். கூடவே சென்னை ஏஜென்ட், ஆண். நான் சேவூரிலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். வெயிலுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற மாதிரி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தேன், கண் மட்டும்தான் தெரியும். அந்த அம்மா வாசலிலேயே சிரித்து, அப்படியே நிற்கச் சொல்லி சைகை காட்டி, என்னை இரண்டு போட்டோ எடுத்தார். வெயிலுக்கு நல்ல யோசனை என்று ஏஜென்ட் வழியாகப் பாராட்டு வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே ஆபா போட்ட மயில் அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. அதைப் போட்ட பெண்ணைப் படமெடுத்து அங்கே கடைகளில் மாட்ட வேண்டும் என்றார். ஏஜென்ட் வந்ததால் ஆபா முகத்திரையோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஏஜென்ட் என்னைத் தனியே கூப்பிட்டார். “மேடம், அவங்க நாட்ல மூஞ்ச மூடிகினு வெளிய வந்தா ஃபைன். இந்த போட்டோவ அங்க மாட்ட முடியாது. பொம்பளைங்க சுதந்திரத்துக்குத்தான் சொல்றாங்க. திரைய எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஆர்டர் டவுட்டுதான்.”

சுதந்திரம் பற்றி இவ்வளவு பேசியவர்கள் ஆபாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியமா? நேராகப் போய்க் கெஞ்சினேன்.

“ஒரே நிமிஷம் ஆபா. எங்க முன்னாடி தினம் எடுத்துட்டுதானே உக்காந்துகினு இருக்கீங்க?”

“உங்க முன்னாடி நானா எடுக்கறேம்மா. இப்ப எடுக்கச் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?” என்றார் மெதுவாக.

பதில் தெரியாத கோபத்தில், பின்னாடி ரூமில் போய் இருங்கள் என்றேன். அவர் எழுந்து போனார். நானே கதவைச் சாத்தினேன். பிறகு அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருடைய ஊசியை எடுத்து, அவருடைய மயிலின் தோகையில் நாலு தையல் போட்டேன். அந்த அம்மா விதவிதமாகப் படமெடுத்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது.

அவர்கள் போனதும் கதவைத் திறந்தேன். டீ போடும் அடுப்புப் பக்கத்தில் ஆபா நின்றுகொண்டே இருந்தார். வந்து உட்கார்ந்து, நான் போட்ட தையலின் நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். ஆரித் தையல் கடைசியில் முடிச்சுப் போடாவிட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அத்தனையும் வந்தது. சாயங்காலத்துக்குள் மயிலை முடித்துக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் முகத்திரையைக் கழற்றவில்லை.

கிளம்பும்போது ஊசியைப் பையில் போட்டுக்கொண்டார். “நாளையிலேர்ந்து வர்லம்மா. இங்கதான் மூஞ்சி தெரிய நிம்மதியா உக்காந்துகினு இருந்தேன். இனிமே யாராவது கதவத் தட்டினாலே அந்த ரூமுதான் ஞாபகம் வரும்.”

எவ்வளவோ மன்னிப்புக் கேட்டேன். வரவில்லை.

சால்வைகளோடு வைக்கிற அட்டை பிறகு அச்சாகி வந்தது. அதில் ஆபாவின் மயிலோடு நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. சுதந்திரமான பெண்கள் செய்தது என்று என் மகள் படித்துச் சொன்னாள்.

இன்றைக்கும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டுதான் ஸ்கூட்டியில் வருகிறேன், யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பட்டறைக்குள் வந்து அதை அவிழ்க்கும்போதெல்லாம் ஆபாவின் வெறும் ஆணி கண்ணில் படுகிறது. எங்கோ ஒரு நாட்டில் போட்ட தடைக்காக ஆரணியில் கதவைச் சாத்தியவள் நான் என்பது அப்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது.