சுண்ணாம்பு என்று நான் சொன்னது

கழுத்தை விலாப்பக்கம் மடித்துவைத்து, தூங்குவதுபோல் படுத்திருந்தது அந்தச் சிந்தி இனப் பசு. கன்று போட்டு இரண்டு நாள். காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அறுபதுகளின் தொடக்கம், நார்த்தாமலைப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். பசுவுக்குச் சொந்தக்கார அக்கா புருஷனை இழந்தவர். காதுத் தோட்டை விற்று வாங்கிய மாடு. அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதன் பாலை விற்றுத்தான் சாப்பிட்டார்கள்.

டாக்டர் பார்த்ததுமே கால்சியம் குறைவு என்றார். ரத்தத்தில் ஏற்றினால் அரைமணியில் எழுந்து நிற்குமாம். இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற அந்தப் பாட்டில் அன்று எங்களிடம் தீர்ந்திருந்தது. அதை வாங்கிவரத் திருச்சிக்கு பஸ் ஏறப் போகும் வழியில் டாக்டர் எனக்கு விளக்கினார். நரம்பின் நுனியில் ஒரு ரசாயனம் காத்திருக்கிறது. மூளையின் கட்டளை வந்து சேரும்போது கால்சியம் இருந்தால்தான் அது வெளியே சிந்தி, சதையை அசைக்கும். இல்லாவிட்டால் கட்டளை நுனியோடு நின்றுவிடும். மாடு எழுந்திருக்கத்தான் பார்க்கிறது, சதைக்குச் சேதி போகவில்லை என்றார்.

தெரிந்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். திரும்பிப் போய் அக்காவிடம், "ஒடம்புல சுண்ணாம்புச் சத்து எறங்கிப்போச்சுக்கா. அது ஏறுனா எந்திரிச்சிரும்" என்றேன். டாக்டரின் இங்கிலீஷைவிட என் தமிழ் தெளிவு என்று பெருமை வேறு. வாய்வழியாக எதையும் கொடுக்கக்கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் மருந்தோடு போனோம். மாடு செத்துக் கிடந்தது. மூக்கில் வெள்ளையாக வடிந்து காய்ந்திருந்தது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து, மூங்கில் குழாயால் காலையில் அக்கா புகட்டியிருக்கிறார். விழுங்குவதும் சதைதானே, அதற்கும் சேதி போகவில்லை. அத்தனையும் நுரையீரலுக்குள் போய்விட்டது.

அக்கா அழவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் தம்பி ஊத்துனேன். வீட்டுல இருந்தது அம்புட்டுத்தான். பத்தாமப் போயிருச்சா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மருந்து கொண்டாற நாந்தாம்மா லேட் பண்ணிட்டேன்" என்றார். நான் மறுக்கவில்லை. வெட்கங்கெட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

கூலி வேலை தேடிப் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போகும்வரை அக்கா டாக்டரைத்தான் மண்ணை வாரித் தூற்றினார். என்னைக் கண்டால் மட்டும், "வாங்க தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்.