மட்காட் பூட்டிய சனிக்கிழமை

முதுகுத்தண்டோடு மேலே ஏறி வருகிற ஈரக் குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பனி உருகி, உப்புத் தூவிய தெருவில் கறுப்புத் தண்ணீராக ஓடும். தண்ணீர் தெறிக்காமல் தடுக்கிற மட்காட் இல்லாத சைக்கிளின் பின்சில்லு அதை அள்ளி இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரு கோடாக எறியும். ஜாக்கெட், அதற்குள் சட்டை, அதற்குள் தோல் என்று ஒவ்வொன்றாக நனைந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது யாரோ பனிக்கட்டியால் முதுகில் கீறிவிட்டதுபோல இருக்கும். எனக்கு வயிற்றாலை போய் அது மேல்பக்கமாக ஓடிவிட்டது என்று வகுப்புப் பொடியன்கள் டெனிஷில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அது வன்னியில் போர் முடியப்போகிற கடைசி மாரிகாலம். எனக்குப் பதின்மூன்று வயது. டென்மார்க்கின் வைலே நகரத்தில், மேட்டுத் தெரு ஒன்றில், மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். கீழ் வீட்டு டெனிஷ்காரர் முழங்கால் நோவினால் தன்னுடைய றேசிங் சைக்கிளை எனக்குத் தந்துவிட்டார். மெல்லிய ரயர், வளைந்த ஹாண்டில். அப்பா அதற்கு "ஆட்டுக்கொம்பு" என்று பெயர் வைத்தார். சாதாரண நாளாக இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அந்த மாரியில் ஒரு தரம்தான் சொன்னார்.

பிள்ளைகளே, அந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தம் போட்டு அழுததாக எனக்கு நினைவில்லை. அப்பா பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றாமலே வன்னிச் செய்தி பார்க்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார். அம்மா கறிக்கு உப்புப் போட மறந்துவிடுவா. நாங்கள் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழும்புவோம், உப்பில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அப்பாவின் தம்பி ரஞ்சன் சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள் வன்னிக்குள் இருந்தார்கள். அவர்களிடமிருந்து அழைப்பு வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்போது தமிழர் வீடுகள் பலவற்றில் அப்படி ஒன்று இருக்கும். ஒரு வீட்டுக்கு வன்னியிலிருந்து அழைப்பு வந்தால் அது அந்த வீட்டுக்கு மட்டும் வந்த அழைப்பு அல்ல. மற்றவர்களின் சொந்தங்களைக் கண்டாயா என்றும் கேட்டுச் சொல்லவேண்டும். சபையில் எங்களோடு ஜெபிக்கிறவர்கள் கொடுத்த பெயர்கள் அந்தத் தாளில் இருந்தன. முதலாவது, பிரெடெரிசியாவில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்த ரூபி அன்ரியின் அம்மாவுடைய பெயர். அந்த அம்மாவும் சித்தப்பாவும் ஒரே ஊரில் இருந்து வெளிக்கிட்டவர்கள்.

இப்படியிருக்க, என் முதுகுக் கோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா கண்டார். "மட்காட் இல்லாத சைக்கிள் ஒரு சைக்கிளோ?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளே தனியாகப் போய், அகலமான இரும்பு மட்காட் சோடி ஒன்றை வாங்கி வந்தார். ஊரில் அவர் ஓடிய சைக்கிளுக்கு அதுதான் சரி. என்னுடையதற்கு அது பிறேக்கின் கீழால் நுழையவே இல்லை.

பிறகு இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ரயரின் அகலத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் அகலமான மெல்லிய பிளாஸ்டிக் மட்காட்டைக் காட்டினார். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் அரை விரல்கூட இல்லை என்று அப்பா தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். "சேறு அடைக்காதோ?" என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். இங்கே சேறு இல்லை, தண்ணீர்தான் என்றார் கடைக்காரர். சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பா திரும்பவும், "சேறு அடைச்சால் என்ன செய்யிறதெண்டு கேள்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டதுபோல் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், மாடிக்குக் கீழே இருந்த சைக்கிள் கொட்டிலில் பூட்டத் தொடங்கினோம். றேசிங் சைக்கிளின் சட்டத்தில் மட்காட் கம்பியை முறுக்க ஓட்டை இருக்காது. அப்பா பழைய ரியூப்பை நாடாபோல் வெட்டி, முன்கவையின் இரண்டு காலிலும் சுற்றி, அதன் மேல் வளையம் போட்டுக் கம்பியை இறுக்கினார். நீண்டு நின்ற கம்பியை இரும்பு அறுக்கிற வாளால் அறுத்தார். நான் சில்லைத் தூக்கிச் சுழற்ற, அது எங்கே உரசுகிறது என்று காதை வைத்துக் கேட்டுக் கேட்டு மட்காட்டை வளைத்தார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் ஒரு வேலையில் மனம் வைத்ததைக் கண்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. கையில் கிறீஸ். என்னைப் பட்டனை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி சீற்றின் மேல் வைக்கச் சொன்னார்.

"அண்ணை, நான் ரஞ்சன்."

அப்பா கிறீஸ் கையோடு போனுக்கு மேல் குனிந்தார்.

"அண்ணை, கேக்குதோ? ஆரின்ரையோ சட்டலைட் போன். ரெண்டு நிமிசம்தான் தருவினம். என்ன செய்யிறியள்?"

"தம்பியின்ரை சைக்கிளுக்கு மட்காட் பூட்டுறன்" என்றார் அப்பா.

மறுபக்கத்தில் சித்தப்பா சிரித்தார். "மட்காட்டோ! நான் என்ரையைக் கழட்டி எறிஞ்சுபோட்டன். ஒரே மழை. சேறு அடைச்சுச் சில்லு சுத்துதில்லை. இப்ப என்னண்டால், பின்னுக்கு இருக்கிற கிழவியின்ரை சீலை சில்லுக்கை போகுது. நிண்டு நிண்டு இழுத்தெடுக்கவேண்டிக் கிடக்கு."

"சீலையைச் சுருட்டிப் பிடிக்கச் சொல்லு."

"சொன்னனான். கேட்டால்தானே! டேய் மருமோனே... இல்லை, மகனே, பக்கத்திலை நிக்கிறியோ? அப்பாவை ஒரு விரல் இடைவெளி விடச் சொல்லு."

"இடமில்லை, சித்தப்பா" என்றேன்.

"அப்ப டென்மார்க் சைக்கிள் சரியில்லை" என்றார். லைன் அறுந்தது.

அப்பா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, கழன்று கிடந்த நட்டை எடுத்துப் பூட்டி இறுக்கினார். மேலே போனபோது அம்மா கேட்டா: எங்கை நிக்கினம்? சாப்பாடு இருக்கோ? பிள்ளையள் கூட இருக்கினமோ? தாளிலை இருக்கிற ஆக்களைக் கேட்டனீங்களோ? ஒவ்வொன்றுக்கும் அப்பா "கேக்கேல்லை" என்றார். அதே குரலில் நான்கு தரம்.

அழைப்பு வந்ததைக் கேள்விப்பட்டு, பின்னேரம் ரூபி அன்ரி வேலை உடுப்போடு கார் ஓடி வந்துவிட்டா. அம்மா தேத்தண்ணி போட்டா. அன்ரி அதைத் தொடவில்லை.

"அண்ணை, அம்மாவைப் பற்றி ஏதும்?"

"நான் கேக்கேல்லை, தங்கச்சி. மட்காட்டைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்."

"மட்காட்டோ?" அன்ரி கோபிப்பா என்று நினைத்தேன். அவ கதிரையை முன்னுக்கு இழுத்து, "சரி, அதையே சொல்லுங்கோ, ஒரு சொல்லும் விடாமல்" என்றா.

அப்பா சொன்னார். மழையைப் பற்றிச் சொல்கிறார் என்றால் இன்னும் கூரையில்லாமல் வெளியில்தான் நிற்கினம் என்றா அன்ரி. சைக்கிள் இருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவ, கிழவி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினா.

"ஆர் கிழவி?"

சித்தியின் தாய் என்று நினைத்திருந்ததாக அப்பா சொன்னார். "அவ யாழ்ப்பாணத்திலையெல்லோ இருக்கிறா" என்றா அம்மா.

"சொல்லுக் கேக்காத கிழவி எண்டால் அது எங்கட அம்மாதான்" என்றா ரூபி அன்ரி. சிரிக்கவும் செய்தா. "அண்ணை, அம்மாதானே?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லலாம். அம்மாகூட அவர் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தா. "எல்லாக் கிழவியளும் அப்பிடித்தான், தங்கச்சி. எனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

அன்ரி என் பக்கம் திரும்பினா. "நீயும் கேட்டனிதானே, தம்பி. நீ சொல்லு." என் நகத்துக்குள் கிறீஸ் இருந்தது. அதைப் பார்த்தபடி தெரியாது என்று டெனிஷில் சொன்னேன். தமிழில் அதைச் சொல்ல எனக்கு ஏலவில்லை.

பிறகு அழைப்பு வரவில்லை. மே மாதம் போர் முடிந்தது. சில மாதம் கழித்து, முகாமிலிருந்து சித்தி கதைத்தா. அவவும் பிள்ளைகளும் இருந்தார்கள். சித்தப்பா இல்லை. நடக்க ஏலாதவர்களை ஏற்றிக்கொண்டு வரவென்று ஒரு நாள் காலமை சைக்கிளோடு போனவர் திரும்பி வரவில்லை. அப்பா அழாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார். அன்றைக்குப் பின்னால் இருந்த கிழவி யார்?

"எந்தக் கிழவி, அத்தான்?" என்றா சித்தி. "சனம் றோட்டுக்கரையிலை விட்டுட்டுப் போன எத்தினை பேரை அவர் ஏத்தினவர். கொண்டுபோய் இறக்கிப்போட்டு அடுத்த ஆளுக்குப் போவார். பேர் கேக்க எங்கை நேரம்?"

அப்பா அதை மாற்றாமல், கூட்டாமல், ரூபி அன்ரிக்குப் போனில் சொன்னார். அன்ரி "ஏத்தினவரெல்லோ. காணும், அண்ணை" என்று சொன்னதாக அப்பா எங்களுக்குச் சொன்னார்.

ஆனால் அவவுக்கு அது போதவில்லை. தாயைப் பற்றி வேறு சேதி ஒன்றும் வரவில்லை. நத்தார் ஒன்றுகூடலில், கலியாண வீட்டில், என்னைக் கண்ட இடமெல்லாம் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், "சித்தப்பா என்ன சொன்னவர், திருப்பிச் சொல்லு" என்பா. நான் சொல்லுவேன்.

அந்தச் சைக்கிளை ரயில் நிலையத்தில் யாரோ களவெடுத்து எவ்வளவோ வருடமாகிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். அந்த அழைப்பைக் காதால் கேட்டவன் இப்போது நான் ஒருவன்தான். ரூபி அன்ரி தான் வேலை செய்த அதே வயோதிபர் இல்லத்தில் இருக்கிறா. போன கிழமை உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னை ஆர் என்று கேட்டா. சொன்னேன். பிள்ளையள் சாப்பிட்டினமோ என்று கேட்டா. வேறொன்றும் கேட்கவில்லை. வெளிக்கிடுகிற நேரம் வந்த பிறகும், சித்தப்பா சொன்னதை அவ கேட்பா என்று நான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன்.